நின்று நின்று போகும் கார் இன்ஜின்: காரணத்தை எந்த வழியில் தேடுவது?

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் பட்டென்று நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்புகிறது. சில நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, நாம் மறந்துபோன நேரத்தில் மறுபடி நிற்கிறது. கார் பழுதுகளில் ஆளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். அடியோடு கிளம்பாத வண்டியில் கோளாறு கண்முன்னே இருக்கும். அளந்து பார்த்துப் பிடித்துவிடலாம். விட்டு விட்டு நிற்கும் வண்டியோ, டாக்டரைப் பார்க்கப் போனதும் காணாமல் போகும் பல்வலி மாதிரி, ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் சமர்த்தாக ஓடும்.

காரணத்தைத் தேட நான்கு வழிகள் உண்டு. சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்க்கலாம். வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கலாம். கருவிகளை வைத்து நாமே அளந்து பார்க்கலாம். ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைத்துவிடலாம். எது மலிவு, எது சீக்கிரம் என்றுதான் பலரும் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இன்ஜின் நிற்கிற அந்த நொடியில் என்ன நடந்தது என்பதை இந்த வழி காட்டுமா? காட்டாது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நஷ்டம்தான். செலவும் நேரமும் அதற்கு அப்புறம்.

ஆனால் ஒரு விஷயம் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் தாங்கும். அப்புறம் பிரேக்கைப் பலங்கொண்டு அழுத்த வேண்டியிருக்கும். எனவே நின்றவுடன் ஹசார்டு விளக்கைப் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை உருவவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வேகமாகப் போகும்போது நிற்கும் வண்டி என்றால், ‘இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம்’ என்ற யோசனைக்கே இடமில்லை. அதை இழுத்துக்கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். கீழே சொல்லும் நிதானமான தேடலெல்லாம் ஐடிலிலோ (ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் இன்ஜின் சும்மா ஓடும் நிலை), மெதுவாகப் போகும்போதோ, சிக்னலில் காத்திருக்கும்போதோ நிற்கும் வண்டிக்குத்தான்.

எந்த வழியானாலும் முதலில் கவனிப்பு

நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதையே இந்தக் கவனிப்புதான் முடிவு செய்யும். காசு ஆகாது. ஒவ்வொரு முறை நின்றதும், நினைவு மங்குவதற்குள், செல்போனில் சில வரி பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்: இன்ஜின் சூடா, ஆறியிருந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஏசி ஓடியதா, கால் ஆக்ஸிலேட்டரில் இருந்ததா, மறுபடி கிளம்ப எவ்வளவு நேரம் ஆனது.

இதில் நான் மிகவும் மதிக்கும் சாட்சி, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று டேஷ்போர்டில் காட்டும் ஆர்பிஎம் முள். கியர் வண்டியில், கியர் விழுந்த நிலையில் மெல்ல ஓடும்போது இன்ஜின் செத்தால் சக்கரங்கள் அதைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முள் அந்தச் சுற்றைக் காட்ட வேண்டும். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கையிலேயே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், பெரும்பாலான வண்டிகளில் அதற்கு ஒரே பொருள்தான்: இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. சந்தேகம், இன்ஜின் சுற்றை அளந்து சொல்லும் கிராங்க் சென்சார் மேலும் அதற்குப் போகும் வயர் மேலும் விழுகிறது. முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து நிதானமாக இறங்கினால் சிக்னல் சரியாக இருக்கிறது. பெட்ரோல் வரத்தையோ ஸ்பார்க் பிளக்கின் பொறியையோ பாருங்கள். முள்ளோடு சேர்ந்து ரேடியோ, விளக்கு, டேஷ்போர்டு எல்லாமே ஒரு நொடி அணைந்து வந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். பேட்டரி டெர்மினல், எர்த் கேபிள், இக்னிஷன் சுவிட்ச் என்ற மூன்றுக்குள் விஷயம் இருக்கிறது.

சாகும் விதமும் பேசும். விளக்கை அணைத்தது போல ஒரே வெட்டாக நின்றால் மின்சாரக் கோளாறு. இழுத்து இழுத்து, பிக்கப் போய், மூச்சு வாங்கி நின்றால் பெட்ரோல் போதவில்லை. இதற்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் தேடலைத் தொடங்க இது போதும்.

எப்போது நிற்கிறது என்பது அடுத்தது. நன்றாகச் சூடேறிய பிறகு நின்று, கொஞ்ச நேரம் ஆறவிட்டால் கிளம்பும் வண்டியில் கிராங்க் சென்சாரும் பெட்ரோல் பம்ப்பும்தான் முதல் இரண்டு ஆட்கள். சுருள் வகைச் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துபோகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பம்ப், டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி அதனாலேயே குளிர்கிறது. டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் மட்டும் நிற்கிறது என்றால் பம்ப் பக்கம் சாயலாம். ஐடிலில் மட்டும் நின்று, கால் வைத்தால் நன்றாக ஓடுகிற வண்டியில் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், எங்காவது ஹோஸ் வழியாகக் காற்று உள்ளே கசியலாம், புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். ஏசி போட்டதும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் நின்றால், கூடுதல் சுமைக்கு ஏற்றபடி ஐடிலைத் தூக்கிக் கொடுக்க முடியாமல் த்ராட்டில் திணறுகிறது. பெட்ரோல் நிரப்பிய உடனே கிளம்ப மறுத்து, கிளம்பியும் அணைந்தால் டேங்கின் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது. ஈரமான வானிலையில் மட்டும் என்றால் இக்னிஷன் காயில், பழைய வண்டியில் பிளக் வயர்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி நிறுத்தத்துக்கு வரும்போது ஒரு குலுக்கலுடன் நின்றால், அடுத்த முறை ஆளில்லாத இடத்தில் நிற்பதற்குச் சற்று முன் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். நியூட்ரலில் நிற்காமல் ஓடினால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் விடுபடவில்லை. கிளட்ச்சை மிதிக்காமல் வண்டியை நிறுத்தினால் என்ன ஆகுமோ அதேதான் நடக்கிறது. இதைத் தெரியாமல் த்ராட்டில், பிளக், பம்ப் என்று வரிசையாக மாற்றினால் பணம்தான் கரையும்.

கிளம்பி இரண்டு நொடிக்குள் அணைந்து, டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மினுக்கினால் அது இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் காணாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. இன்னொரு சாவியை வைத்துப் பாருங்கள். புது வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றதும் அணைந்து, பிரேக்கை விட்டதும் தானாகக் கிளம்பினால் அது பழுதே இல்லை, ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி. டேஷ்போர்டில் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கும்.

பாகத்தை மாற்றிப் பார்ப்பது

மிகவும் பரவலான வழி. என் மதிப்பில் மிகவும் பலவீனமான வழியும் இதுதான். ‘இந்த மாடலில் இதுதான் போகும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு சென்சாரை மாற்றுகிறோம். நின்ற நொடியைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. புதுப் பாகம் போட்ட பிறகு வண்டி சில நாள் நிற்காவிட்டால் சரியாகிவிட்டதா, அல்லது வழக்கமான இடைவெளியா என்று தெரியாது.

இதைவிட மோசமான ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. பழைய சென்சாரைக் கழற்றும்போது அதன் கனெக்டரை உருவுகிறோம், புதியதில் செருகுகிறோம். கனெக்டருக்குள் பச்சை பூத்துத் தொடர்பு விட்டிருந்த உலோக முனை (பின்), அந்தச் செருகலிலேயே உரசிச் சுத்தமாகிவிடும். வண்டி நன்றாக ஓடும், புதுச் சென்சார் புகழ் வாங்கிக்கொள்ளும். சில மாதம் கழித்து அதே கோளாறு திரும்பி வரும்போது, ‘சென்சார் புதுசாச்சே’ என்று அந்தப் பக்கமே பார்க்க மாட்டோம். ஆகவே எந்தப் பாகத்தை மாற்றுவதற்கு முன்பும் கனெக்டரை மட்டும் உருவி, பின்களைப் பார்த்து, துடைத்து, திரும்பச் செருகி ஓட்டிப் பாருங்கள்.

மாற்றிப் பார்ப்பது நியாயமான இடங்களும் உண்டு. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்சான ரிலே அதில் முதன்மையானது. ஃபியூஸ் பெட்டியில் பெட்ரோல் பம்ப் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டால் போதும். செலவே இல்லை, ஹாரன் மக்கர் செய்யத் தொடங்கினால் குற்றவாளியும் கிடைத்துவிடும். காலம் கடந்த ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியவை, அவற்றையும் தயங்காமல் மாற்றலாம். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றாதீர்கள். எது பழுது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். கழற்றிய நல்ல பாகங்களைத் தூக்கிப் போடவும் வேண்டாம். தரமில்லாத புதுச் சென்சாரைவிட, ஒழுங்காக ஓடிய பழைய ஒரிஜினல் எவ்வளவோ மேல்.

ஸ்கேனர்

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் வண்டியின் கம்ப்யூட்டர் கண்ட பழுதுகளைப் படிக்க உதவும் ஓபிடி-2 என்ற பொது முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல். ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட அந்த சாக்கெட் இருக்கும். அதில் கோடு (பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்) மட்டும் படிக்கும் சின்னக் கருவியையும் மாட்டலாம், செல்போனோடு புளூடூத்தில் பேசும் ஈஎல்எம்327 வகை அடாப்டரையும் மாட்டலாம், ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பெரிய ஸ்கேனரையும் மாட்டலாம். மூன்றும் ஒன்றல்ல.

கோடு மட்டும் படிப்பவை பாதி உதவிதான். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. கவனியுங்கள், சர்க்யூட்டில். சென்சாராக இருக்கலாம், வயராக இருக்கலாம், கனெக்டராக இருக்கலாம். பி0171 என்றால் பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று. அதற்குக் கசியும் ஹோஸ் முதல் களைத்துப்போன பம்ப் வரை பல காரணம் இருக்கலாம். கோடு என்பது எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று சொல்லும், வீட்டு எண்ணைச் சொல்லாது.

இன்னொரு முக்கியமான குறை: நின்றுபோகும் பல வண்டிகளில் கோடே விழுவதில்லை. பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இல்லாத வண்டிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பம்ப் நின்றால் இன்ஜின் அணைந்ததுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. கிராங்க் சிக்னல் சட்டென்று அறுந்தாலும் சில வண்டிகளில் ‘ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டார்’ என்றே அது எடுத்துக்கொள்ளும். கோடு இல்லை என்பதற்காகக் கோளாறு இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேனரின் உண்மையான பலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு விழுந்த கணத்தில் ஆர்பிஎம், வேகம், கூலண்ட் வெப்பம், இன்ஜின் மேல் இருந்த சுமை ஆகியவற்றைக் கம்ப்யூட்டர் சேமித்து வைக்கிறது. நாம் தேடும் அந்த நொடிக்கு இதைவிட நெருக்கமான பதிவு கிடையாது. கோடை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். அதனால் யாருக்கும், எதற்காகவும், முதலில் படம் பிடித்து வைக்காமல் கோடை அழிக்க அனுமதிக்க வேண்டாம்.

இரண்டாவது, ஓடும்போதே பார்க்கும் லைவ் டேட்டா, அதிலும் குறிப்பாக ஃபியூயல் ட்ரிம். கம்ப்யூட்டர் தான் கணக்குப் போட்ட பெட்ரோலைவிட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்லும் எண் அது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பூஜ்யத்துக்கு இரு பக்கமும் 5 வரை இருந்தால் கவலையில்லை, 10 தாண்டினால் யோசிக்க வேண்டும். இன்ஜின் சூடானதும் ஐடிலில் ஒருமுறை பாருங்கள். அப்புறம் ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தி 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். ஐடிலில் +22 காட்டிய எண் 2500-இல் +4-க்கு இறங்கிவிட்டால், எங்கோ காற்று கசிகிறது: சின்ன ஓட்டை வழியாக வரும் காற்று, இன்ஜின் கொஞ்சமாக மூச்சு விடும்போதுதான் பெரிய பங்காகத் தெரியும். ஐடிலில் நன்றாக இருந்து, சாலையில் சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால் பம்ப்போ ஃபில்டரோ பெட்ரோலைப் போதிய அளவு தரவில்லை, அல்லது காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காகிக் குறைத்துச் சொல்கிறது. ஒரே எண்ணை இரண்டு வேகத்தில் பார்த்ததிலேயே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. இதனால்தான் கோடு படிக்கும் கருவியைவிட, லைவ் டேட்டாவைப் பதிவு செய்யும் அடாப்டரை நான் பரிந்துரைக்கிறேன்.

பதிவு செய்யும்போது எல்லாவற்றையும் டிக் செய்துவிடாதீர்கள். மலிவு அடாப்டர்கள் மெதுவானவை. இருபது விவரம் கேட்டால் ஒவ்வொன்றும் சில நொடிக்கு ஒருமுறைதான் வரும், நிற்கிற நொடி இடைவெளியில் தவறிப்போகும். ஆர்பிஎம், இரண்டு ட்ரிம், பேட்டரி வோல்ட் போதும். போனை ஓட்டும்போது பார்க்கவும் வேண்டாம். பதிவாகட்டும், நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நாமே அளந்து பார்ப்பது

ஸ்கேனர் கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததைத்தான் சொல்லும். கம்ப்யூட்டருக்குத் தெரியாததை அளந்துதான் பார்க்க வேண்டும். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பாதி மின்சாரச் சந்தேகங்களைத் தீர்த்துவிடலாம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜின் ஓடும்போது பல வண்டிகளில் 13.7-க்கும் 14.7-க்கும் இடையே இருக்கும். ஓடும்போது 12-க்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்யவில்லை, வண்டி பேட்டரியைத் தின்று ஓடி முடிவில் நிற்கிறது. புதிய சில வண்டிகள் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்நேட்டரை வேண்டுமென்றே தளர்த்தும், அதனால் ஒரு கணம் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும்.

எர்த் கேபிளைப் பலர் சோதிப்பதே இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், இன்னொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, விளக்கு, ஏசி ஃபேன் எல்லாம் போட்டுவிட்டுப் பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. அப்புறம் ஆட்டிப் பார்ப்பது: ஐடிலில் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாமல் ஒவ்வொரு வயர் கட்டையும் மெல்ல அசையுங்கள். இன்ஜின் எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அங்கே வேலை இருக்கிறது. நிற்கிற நொடியை நாமே வரவழைப்பதால், விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதைப்போல உதவும் சோதனை குறைவு. சூட்டில் நிற்கும் கிராங்க் சென்சாருக்கும் இதே உத்திதான்: நின்றவுடன், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஆறவையுங்கள். உடனே கிளம்பினால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

பெட்ரோல் பக்கம் வந்தால் முதல் சோதனை காதுதான். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கமிருந்து சுமார் இரண்டு நொடிக்கு ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். வண்டி நின்ற கையோடு இதைக் கேளுங்கள். ஆறிய பிறகு கேட்டுப் பயனில்லை. சத்தமே இல்லையென்றால் பம்ப், ரிலே, ஃபியூஸ். ஆனால் சத்தம் கேட்பதாலேயே அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் 3 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தம் இருக்க வேண்டும், அதை கேஜ் வைத்துத்தான் அறிய முடியும்.

இங்கேதான் வீட்டு முயற்சிக்கு நான் எல்லை வகுக்கிறேன். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் குழாயைப் பிரிப்பது தீயோடு விளையாடுவது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது) உயர் அழுத்தப் பக்கம் 100 பாரைச் சுலபமாகத் தாண்டும், தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு வேகம். காற்றுக் கசிவைத் தேட சூடான இன்ஜினில் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கமும் தீப்பிடிக்கும் வழிதான். ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் மெஷின் வைத்துப் புகையை உள்ளே செலுத்தினால், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை தானாக எட்டிப் பார்க்கும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதனை செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஒர்க்‌ஷாப்பில் விடுவது

எங்கே விடுவது என்பதிலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. பல பிராண்டும் பார்க்கும் நல்ல மெக்கானிக், கசிவு, கரி, பம்ப் போன்றவற்றை வேகமாகப் பிடிப்பார். ஒரே வெட்டாக நின்று, டேஷ்போர்டும் சேர்ந்து அணையும் வண்டியை நேராக ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரின் பலம் வேறு: அந்த மாடலில் தெரிந்த கோளாறுகளைப் பற்றிய தொழில்நுட்பக் குறிப்புகள், கம்ப்யூட்டருக்கான புதிய சாஃப்ட்வேர், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபின் ஐடிலைப் புதிதாகக் கற்பிக்கும் வசதி ஆகியவை அங்கே உறுதியாக இருக்கும்.

ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, இருக்கிறதா என்பதை எந்தச் செலவும் செய்வதற்கு முன் பாருங்கள். வண்டியின் 17 எழுத்து வின் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தாலே பல நாடுகளில் தெரிந்துவிடும். இது சும்மா சொல்வதல்ல. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்சுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. கனமான சாவிக்கொத்தின் எடையிலோ முழங்கால் பட்டோ சுவிட்ச் தானாக விலகி, ஓடும்போதே இன்ஜின் அணைந்தது, ஏர்பேகும் விரியவில்லை. 124 மரணங்களுக்கு அதன் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. 2020-இல் டொயோட்டா, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் சுழலி உருக்குலைந்து இன்ஜின் நிற்கக்கூடும் என்று பெரிய அளவில் ரீகால் அறிவித்தது. அந்தக் கார்களில் ஒன்றை வைத்திருந்தவர் பிளக்கும் காயிலும் மாற்றிக்கொண்டே இருந்திருக்கலாம். அந்த ஜெனரல் மோட்டார்ஸ் ரீகால் முதல், சாவியைக் கொத்திலிருந்து தனியாகக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன், சாவி போடும் எந்த வண்டியானாலும்.

ஒர்க்‌ஷாப்பின் பெரிய பலவீனத்தை மேலேயே சொன்னேன்: வண்டி அங்கே நிற்காது. ‘ஓட்டிப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பி வரும். இதை உடைக்கும் வழி உங்கள் கையில் இருக்கிறது. ‘வண்டி நின்னு நின்னு போகுது’ என்று மட்டும் சொல்லாமல், ‘அரை மணி நேரம் ஓடிச் சூடானதும், மெதுவாக வரும்போது, முள் சட்டென்று விழுந்து நிற்கிறது, பத்து நிமிடம் ஆறினால் கிளம்புகிறது’ என்று சொல்லுங்கள். காலையில் குளிரில் மட்டும் நிற்கும் வண்டி என்றால் இரவே விட்டுவிடுங்கள், மறுநாள் அவரே முதல் செல்ஃப் அடிக்கட்டும். ஸ்கேனரை மாட்டியபடி ரோடு டெஸ்ட் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கோளாறு கண்டுபிடிக்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்வது மிகவும் பலன் தரும். பாகம் மாற்றினால்தான் காசு என்ற நிலையில் வைத்தால், அவர் பாகம்தான் மாற்றுவார். அது அவர் தப்பில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஐடிலில் நிற்கும் வண்டிக்கு லைவ் டேட்டா காட்டும் அடாப்டர்தான் என் தேர்வு. ட்ரிம் எண் அங்கே வெளிப்படையாகப் பேசும், நாமே த்ராட்டில் பாடியைத் திறந்து கரியைப் பார்க்கலாம், ஹோஸ்களைத் தடவிப் பார்க்கலாம். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டைக் கையால் மட்டும் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையக்கூடும். சூட்டில் நிற்கும் வண்டிக்கு ஸ்கேனரைவிட மல்டிமீட்டர், காது, தண்ணீர் பாட்டில் மூன்றும் முந்திக்கொள்ளும், ஏனென்றால் அவற்றை நின்ற இடத்திலேயே பயன்படுத்தலாம். வேகத்தில் நிற்கும் வண்டிக்கு ஒர்க்‌ஷாப், உடனே. பல வாரத்துக்கு ஒருமுறை மட்டும் நிற்கும் வண்டிதான் கடினம். அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் பயனில்லை; அடாப்டரைத் தொடர்ந்து பதிவு செய்யவிட்டு, அடுத்த நிற்றல் வரும்வரை எந்தப் பாகமும் வாங்காமல் காத்திருக்க மனம் வேண்டும். பாகம் மாற்றுவதை இதில் எதிலும் முதலாவதாக நான் வைக்கவில்லை, ரிலேவைத் தவிர.

டீசல் வண்டிக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. பொறி என்ற பேச்சே இல்லை. டீசல் ஃபில்டர் அடைப்பு, ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், டேங்கிலிருந்து வரும் லைனில் காற்று ஆகிய மூன்றும்தான் முன்னால் நிற்கும். ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்பது தெரியும். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் கொண்ட காமன் ரயில் இன்ஜினில் ஓடும்போது எந்தக் குழாயையும் தளர்த்தக் கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாரையும் தாண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு ஸ்கேனர் என்ற வழியே கிடையாது. ஐடில் ஜெட் அடைப்பு, மிதவைக் கிண்ணத்தின் அளவு, சோக் இவற்றை அறிந்த பழைய கை ஒருவரைத் தேடுவதுதான் சரி.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். எந்த நிலையில் நின்றதோ அதே நிலையை உண்டாக்குங்கள்: சூட்டில் நின்றது என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, ஏசி போட்டு, ஐடிலில் விடுங்கள், கால்வாசி டேங்கில் நின்றது என்றால் அதே அளவில் ஓட்டுங்கள். ட்ரிம் எண்களை மறுபடி பார்த்து, பழுதின்போது எடுத்த பதிவோடு ஒப்பிடுங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கி, கனெக்டர் பின்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.